ஆட்சேபணை எண் ஒன்று

அந்தத் தெருவில் ஒரு காலத்தில் பதினொரு வீடுகள் இருந்தன. நாலு வீடுகள் இடிபட்டுக் காலிமனை ஆகிவிட்டன. ஆறு வீடுகளைப் பூட்டு காவல் காத்தது. மிச்சமிருந்த ஒன்றை மீட்டர் காவல் காத்தார்.

மீட்டர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. முப்பத்து நாலு வருடம் வீடு வீடாகப் போய், குனிந்து, தண்ணீர் மீட்டரின் கண்ணாடியைத் துடைத்து, எண்ணைப் பார்த்து அட்டையில் எழுதிய மனிதருக்கு ஊர் வைத்த பெயர். யார் வீட்டில் விருந்தாளி வந்து பத்து நாளாக நகராமல் இருக்கிறார், யார் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, எந்த மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்பதெல்லாம் அவருக்கு எண்ணாகவே தெரியும். "என்னம்மா, மச்சினர் இன்னும் கிளம்பலையா?" என்று குனிந்தபடியே கேட்பார். வீட்டுக்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப்போடும்.

இப்போது அவருக்கு வயது எழுபத்தொன்று. மனைவி போய் ஆறு வருடம். ஒரே மகள் வேறொரு நகரத்தில் பதினாலாவது மாடியில் இருந்தாள். அம்மா போன கையோடு, "என்கூட வந்துருங்கப்பா" என்று ஒற்றைக் காலில் நின்றாள். அங்கே தண்ணீர் மீட்டர் எங்கே இருக்கிறது என்று விசாரித்தார். கீழே ஓர் அறையில், எல்லாருக்கும் மொத்தமாக, பூட்டி வைத்திருக்கிறார்கள் என்றாள். அது அவருக்குச் சரிப்படவில்லை. "தெரு நிறைய ஜனம் இருக்கும்மா. எனக்கென்ன குறைச்சல்?" என்றார்.

சொன்ன அன்று அது முக்கால்வாசி உண்மை. பிறகு ஒவ்வொரு குடும்பமாகக் காலி செய்துகொண்டு போயிற்று. மீட்டர் அதை மகளுக்குத் தெரிவிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் ஃபோன் செய்யும்போதெல்லாம், போனவர்களைத் தெருவிலேயே குடிவைத்துக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு டீச்சரம்மாவுக்கு முட்டியில் ஆபரேஷன் செய்து வைத்தார். தபால்காரர் பையனை இரண்டு முறை பரீட்சையில் கோட்டை விடவைத்து மூன்றாவது முறை பாஸ் போட்டார். போன மாதம் தபால்காரர் பெண்ணுக்குக் கல்யாணத்தையும் முடித்துவிட்டார். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று மகள் கேட்டதும் ஒரு கணம் திணறி, "கண்ணாடிக் கடை" என்றார். மூக்குக் கண்ணாடியா, முகம் பார்க்கும் கண்ணாடியா என்று அவள் கேட்காதது அவர் செய்த புண்ணியம்.

இப்படி இருக்கையில்தான் காலிமனையில் ஒரு பலகை முளைத்தது. மூன்று மாடி, இருபத்து நாலு குடித்தனம், சுற்றி ஏழடி மதில், கருத்து தெரிவிக்க விரும்புவோர் இருபத்தொரு நாளுக்குள் நகரசபைக்கு எழுதலாம். மீட்டர் பலகையை மூன்று தடவை படித்தார். இருபத்து நாலு குடித்தனம் என்றால் இருபத்து நாலு மீட்டர். வீட்டுக்குள் போய், கண்ணாடியைத் தேடி எடுத்து, நகரசபைக்கு ஒரு கடிதம் எழுதினார். தயவுசெய்து சீக்கிரம் கட்டச் சொல்லுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

கடிதம் நகரசபைத் தபால் பிரிவில் ஓர் எழுத்தரம்மாவின் மேஜைக்குப் போயிற்று. பத்தொன்பது வருட அனுபவசாலி. கட்டட அறிவிப்புகளுக்கு வரும் கடிதங்களைப் பதிய அந்த மேஜையில் இருந்தது ஒரே பதிவேடு, ஆட்சேபணைப் பதிவேடு. வேறு விதமாகவும் ஒருவன் நகரசபைக்கு எழுதுவான் என்று அதை அச்சடித்தவர்கள் நினைக்கவில்லை. அவர்களைக் குறைசொல்லவும் முடியாது, பத்தொன்பது வருடத்தில் அப்படி ஒருவனும் எழுதவில்லை. உறையைப் பிரித்துப் படிப்பது பொறியியல் பிரிவின் வேலை. மன்றம் கேட்டால் பிரிப்போம் என்பது பொறியியல் பிரிவின் நிலைப்பாடு. மன்றமோ எண்ணிக்கையை மட்டுமே கேட்கும். ஆக, எழுத்தரம்மா உறையின் மேல் சிவப்பு மையில் 'ஆட்சேபணை எண் 1' என்று எழுதி, நூலால் கட்டி, கோப்பில் படுக்கப் போட்டார்.

'தங்கள் ஆட்சேபணை பெறப்பட்டது' என்று மீட்டருக்கு ஓர் அட்டை வந்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் வாரியத்தில் அவரும் 'கசிவு' என்று அச்சடித்த அட்டையில்தான் எல்லாவற்றையும் எழுதி வந்தார். நாய் கடித்ததைக்கூட.

நகரசபைத் தலைவருக்கு அந்தக் கட்டடத்தின் மேல் எந்த வருத்தமும் இல்லை. வருத்தமெல்லாம் அழைப்பிதழின் மேல். கட்டடக் கம்பெனி ஆர்வக் கோளாறில் தொடக்க விழா அழைப்பிதழை முன்கூட்டியே அடித்து, அதில் உபதலைவர் பெயரை மேலேயும் தலைவர் பெயரைக் கீழேயும் போட்டுவிட்டது. பேசும்போது தன்னையே "தலைவர்" என்று சொல்லிக்கொள்கிற மனிதர் அவர். "தலைவருக்குப் பசிக்குது" என்று வீட்டில் சொல்வதாகக் கேள்வி. அப்பேர்ப்பட்டவர் அரை விரல் கீழே இறங்கி உட்காருவாரா? அதற்காக அழைப்பிதழைக் காரணம் காட்டி ஒரு கட்டடத்தை மறுக்கவும் முடியாது.

"ஆட்சேபணை ஏதாவது வந்திருக்கா?" என்றார் மன்றக் கூட்டத்தில்.

"ஒன்னு வந்திருக்குங்க."

"ஒன்னா? போதுமே!"

திட்டம் மறுக்கப்பட்டது. கூட்டக் குறிப்பில் அந்த ஒன்று 'ஆட்சேபணைகள்' ஆயிற்று. கட்டடக் கம்பெனி, மறுப்பை மறுஆய்வு செய்யக் கோரி நீதிமன்றம் போனபோது நகரசபை கொடுத்த பதில் மனுவில் அது 'பொதுமக்களின் கடும் எதிர்ப்பு' ஆயிற்று. தலைவர் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, "மக்கள் கொந்தளிச்சுப் போயிருக்காங்க" என்று கையை மேலே தூக்கிச் சொன்னபோது அது முழு வளர்ச்சி அடைந்தது.

மீட்டர் பேப்பரில் இதைப் படித்துவிட்டு, யார் கொந்தளிக்கிறார்கள் என்று வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். பூட்டிய வீட்டுப் படியில் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது. மறுபடி பேப்பரைப் படித்தார். தெருப் பெயர் சரியாகத்தான் இருந்தது. மெல்ல விஷயம் விளங்கியது. அடப் பாவமே, கொந்தளித்தது தான்தான்!

நேரில் போய்ச் சொல்லிவிடுவதென்று சட்டையை மாற்றிக்கொண்டு செருப்பில் காலை நுழைத்தார். அப்போதுதான் கேட் சத்தம் கேட்டது. துருப்பிடித்த அந்தக் கேட் இப்படியொரு சத்தம் போடும் என்பதே அவருக்கு மறந்திருந்தது. வட்ட உறுப்பினர் ஒரு பிஸ்கட் பொட்டலத்துடன் உள்ளே வந்துகொண்டிருந்தார்.

"அண்ணே! நம்ம வட்டத்துல இப்படி ஒரு போராளி இருக்கீங்கன்னு தெரியாமலே போச்சே!"

"அது வந்து தம்பி, நான் என்ன எழுதினேன்னா..."

"எழுதினது பத்தாதுண்ணே. உறுதியா நிக்கணும்." உறுப்பினர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "டீ கிடைக்குமா?"

அந்த வீட்டில் டீ கேட்டு எத்தனை நாள் ஆயிற்று! மீட்டர் உள்ளே போனார். இரண்டாவது தம்ளர் அலமாரியின் பின்வரிசையில், தூசி படிந்து இருந்தது. அதைக் கழுவும்போது, டீயைக் குடித்து முடித்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. உறுப்பினர் குடித்து முடித்துத் தன் மாமனாரைப் பற்றி முக்கால் மணி நேரம் குறைபட்டுவிட்டுப் போனார். சொல்ல இடமே கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் இடம் தேடவுமில்லை.

செவ்வாய்க்கிழமை கட்டடக் கம்பெனி மேனேஜர் ஒரு பழக்கூடையோடு வந்தார். ஆட்சேபணையை வாபஸ் வாங்கச் சொல்லிக் கேட்க வந்தவர். களைத்துப்போன மனிதர், காலரில் வியர்வைக் கோடு.

"சார், உங்களுக்கு என்ன பிரச்சினைன்னு சொல்லுங்க. வெளிச்சமா, காத்தா? பேசித் தீர்த்துக்கலாம் சார்."

எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, நீங்கள் நாளைக்கே கட்டுங்கள் என்று சொல்ல வேண்டும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் மேனேஜர் துள்ளிக் குதித்து எழுந்துபோவார். பாதி டீ மிச்சம் இருக்கும்.

"யோசிச்சுச் சொல்றேனே" என்றார் மீட்டர்.

"தாராளமா சார். அடுத்த செவ்வாய் வரட்டுமா?"

"வாங்க வாங்க."

அப்படியே செவ்வாய்க்கிழமை மேனேஜருக்கு என்று ஆயிற்று. வியாழக்கிழமை உறுப்பினர். நடுவில் ஒருநாள் நகரசபை வக்கீல் வந்து, "நீங்க வாயே திறக்க வேண்டாம் ஐயா. கோர்ட்டுல வந்து உக்காந்தா போதும். பொதுமக்கள்னா எப்படி இருப்பாங்கன்னு நீதிபதி கண்ணால பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, எதற்கும் வெளுத்த சட்டையாகப் போட்டு வரச் சொன்னார். மீட்டர் டீத்தூளைப் பெரிய பொட்டலமாக வாங்கினார். நாலு தம்ளர்களும் முன்வரிசைக்கு வந்தன. அந்த மாதம் அவர் வீட்டு மீட்டர் இரண்டு யூனிட்டிலிருந்து மூன்றுக்கு ஏறியது. குனிந்து பார்த்தபோது அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஆனால் காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்தால் காலிமனை காலியாகவே இருந்தது. செடி முட்டளவு வளர்ந்துவிட்டது. வந்தவர்களெல்லாம் அந்த மனைக்காக வந்தவர்கள். அது காலியாக இருக்கும்வரைதான் வருவார்கள். இருபத்து நாலு குடித்தனத்தைக் கொடுத்து இரண்டு விருந்தாளிகளை வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்பது கணக்குப் போட்டே பிழைத்த மனிதருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் செவ்வாய்க்கிழமை வரட்டும் என்று இருந்தார்.

நீதிமன்றத்தில் வழக்கு இரண்டு முறை தள்ளிப்போனது. முதல் தடவை வக்கீலுக்கு இருமல். இரண்டாம் தடவை கோப்பு வந்தது, அட்டவணை வரவில்லை. மீட்டருக்கு அதில் மனக்குறை ஏதுமில்லை. நீதிமன்ற பெஞ்சு நீளமானது. ஒரு பக்கம் உறுப்பினர், மறுபக்கம் மேனேஜர், நடுவில் அவர். வலது தோளில் ஒருவர் தோள் இடிக்க, இடது தோளில் இன்னொருவர் தோள் இடிக்க உட்கார்ந்திருந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. மின்விசிறி மேலே கிறீச் கிறீச்சென்று சுற்றியது. உறுப்பினர் அவர் தோளில் சாய்ந்து ஒரு குட்டித் தூக்கமே போட்டார். மீட்டர் அசையாமல் இருந்தார்.

மூன்றாம் தடவை வழக்கை எடுத்தார்கள். நீதிபதி ஓர் அம்மையார், பேனா மூடியை மேஜையில் தட்டிக்கொண்டே கேட்கிற பழக்கம் உள்ளவர். நகரசபை வக்கீல் அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு தொடங்கினார். நகரம் என்பது வெறும் கல்லும் மண்ணும் அல்ல என்றார். சூரிய ஒளி மனிதனின் பிறப்புரிமை என்றார். "கனம் நீதிபதி அவர்களே, நெருப்பாய் எழுந்த மக்கள் சக்தியின் முன்னால் என் கட்சிக்காரராகிய நகரசபை தலைவணங்க வேண்டியதாயிற்று!"

"எத்தனை ஆட்சேபணை வந்துது?" என்றார் நீதிபதி.

"மக்களின் ஒருமித்த உணர்வை எண்ணிக்கையால் அளப்பது..."

டக், டக் என்று பேனா மூடி தட்டியது. "எத்தனை?"

"ஒன்று."

கட்டடக் கம்பெனி வக்கீல் சிரிப்பை இருமலாக மாற்றினார். "அந்தக் கடிதத்தோட நகல் எங்களுக்கு இதுவரைக்கும் தரப்படலை" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"ஆட்சேபிச்சவர் வந்திருக்காரா?"

மீட்டர் எழுந்தார். வெளுத்த சட்டை. நகரசபை வக்கீல் அவரைப் பார்த்து, ஒன்றுமில்லை, சும்மா சொல்லுங்கள் என்பதுபோல் கண்ணைச் சிமிட்டினார்.

"நீங்க எதை ஆட்சேபிச்சு எழுதினீங்க? நீங்களே சொல்லுங்க."

வெளிச்சம் என்று சொன்னால் போதும். காற்று என்று சொன்னாலும் போதும். வழக்கு இன்னும் ஒரு வருடம் இழுக்கும். ஐம்பது செவ்வாய்க்கிழமை. மீட்டர் குனிந்து பெஞ்சைப் பார்த்தார். அவர் எழுந்த இடத்தில் ஒரு ஆள் அளவு இடைவெளி இருந்தது. அதற்குள் உறுப்பினரும் மேனேஜரும் தத்தம் பக்கம் நகர்ந்து, வசதியாக உட்கார்ந்து, ஆளுக்கொரு செல்ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா," என்றார், "கடுதாசியைப் பிரிச்சுப் படிச்சா தெரியும்மா. இதுவரைக்கும் யாரும் பிரிக்கலை."

கோப்போடு வந்திருந்த எழுத்தரம்மா திருதிருவென்று விழித்தார். நூல் முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டியதாயிற்று. உறை கிழியும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. நீதிமன்ற வாசிப்பாளர் அதை வாங்கினார். தூக்குத் தண்டனையையும் மதிய இடைவேளையையும் ஒரே குரலில் அறிவிக்கிற மனிதர் அவர். அதே குரலில் படித்தார்.

"மதிப்பிற்குரிய நகரசபைக்கு. எங்கள் தெருவில் இருபத்து நாலு குடித்தனம் வரப்போவதாகப் பலகையில் பார்த்தேன். இது விஷயமாக எனக்கு மூன்று வேண்டுகோள் உண்டு. ஒன்று, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கட்டச் சொல்லவும். எனக்கு வயது எழுபத்தொன்று. இரண்டு, என் வீட்டுப் பக்கம் மதில் ஏழடி என்று போட்டிருக்கிறது. அதை நெஞ்சளவாகக் குறைக்கவும். ஏழடிக்கு மேலே எம்பிப் பேச என்னால் ஆகாது. மூன்று, சமையலறை ஜன்னல்களை என் பக்கமாக வைக்கவும். சமையல் வாசனை, குழந்தை அழுகை, பாத்திரம் விழும் சத்தம், புருஷன் பெண்சாதி சண்டை இவற்றால் எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை என்று உறுதி கூறுகிறேன். இந்தத் தெருவில் பதினொரு தண்ணீர் இணைப்பு இருந்தது. இப்போது ஓடுவது ஒன்று. அதுவும் மாதம் இரண்டு யூனிட். இவ்வளவு குறைவாக ஓடினால் மீட்டர் பழுது என்று எழுதுவது எங்கள் வழக்கம். பழுது எதுவும் இல்லை, ஆள் இருக்கிறேன் என்று பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

மின்விசிறி மட்டும் சத்தம் போட்டது. உறுப்பினர் செல்ஃபோனைப் பைக்குள் போட்டார். நீதிபதி பேனா மூடியைத் தட்டவில்லை.

நகரசபை வக்கீல்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். "கனம் நீதிபதி அவர்களே, மதில் உயரத்தை அவர் ஆட்சேபித்திருக்கிறார் என்பது கவனிக்கத்தக்கது."

"உக்காருங்க" என்றார் நீதிபதி.

மறுப்பு ரத்து செய்யப்பட்டது. ஆறு வாரத்துக்குள் திட்டத்தை மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவு. தீர்ப்பு முப்பத்தெட்டுப் பக்கம். உலகில் முதல் நகரம் எப்படித் தோன்றியது என்பதிலிருந்து தொடங்கியது. மீட்டரின் கடிதம் இருபத்தொன்பதாம் பக்கத்தில், அடிக்குறிப்பாக, பொடி எழுத்தில் இருந்தது.

வெளியே வராந்தாவில் மேனேஜர் மீட்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். "சார், இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே சார்! எத்தனை செவ்வாய்க்கிழமை வீணாப் போச்சு!"

"ஆமா, வீணாத்தான் போச்சு" என்றார் மீட்டர்.

உறுப்பினர் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டிருந்தார். அடுத்த செவ்வாய் வந்தது. மேனேஜர் வரவில்லை. அவருக்கு இனி என்ன வேலை? மீட்டர் நாலு மணி வரை பார்த்துவிட்டு, மூன்று தம்ளர்களைப் பின்வரிசையில் அடுக்கினார்.

நகரசபை ஆறாவது வாரத்தின் கடைசி நாளில் கூடியது. அழைப்பிதழ் புதிதாக அச்சாகி, தலைவர் பெயர் தலைப்பக்கம் ஏறியிருந்தது. "மக்களின் ஏகோபித்த ஆதரவுக்குத் தலைவணங்கி" திட்டத்தை அனுமதிப்பதாகத் தலைவர் கையைத் தூக்கி அறிவித்தார். இந்தத் தடவையும் மக்கள் அதே ஒருவர்தான்.

மதில் என்ன ஆயிற்று என்று கேட்க மீட்டர் நகரசபைக்குப் போனார். எழுத்தரம்மா அவரைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"உக்காருங்க சார். அன்னிக்கு நான் பிரிச்சுப் பாத்திருக்கணும். மன்னிச்சுக்குங்க."

"பரவால்லம்மா. மதில் நெஞ்சளவுன்னு போட்டிருக்காங்களா?"

அவர் வரைபடத்தை விரித்து விரலால் தேடினார். "ஏழடிதான் சார் இருக்கு. கோர்ட்டு திட்டத்தை மறுபடி பாக்கச் சொல்லுச்சு, மாத்தச் சொல்லலையே." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதுக்கு நீங்க ஒரு ஆட்சேபணை எழுதிக் குடுக்கலாம் சார். நிஜ ஆட்சேபணை. நானே பிரிச்சுப் படிச்சு மேல அனுப்புறேன்."

பதிவேடு மேஜையில் இருந்தது. புதுப் பக்கம், எண் ஒன்று காலியாகக் காத்திருந்தது. எழுதினால் மறுபடி நோட்டீஸ், மறுபடி மன்றம், மறுபடி ஒரு வருடம். மறுபடி செவ்வாய்க்கிழமைகள்கூட. மீட்டர் கொஞ்ச நேரம் பேனாவைப் பார்த்தார்.

"ஏழடிம்மா," என்றார். "ரெண்டு அடியில ஒரு முக்காலி போட்டுக்கிட்டா தலை தெரியும்."

திரும்பி வரும் வழியில் முக்காலி வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் காலிமனை ஓரத்தில் போட்டு ஏறி நின்று பார்த்தார். செடியை வெட்டிவிட்டிருந்தார்கள். வெள்ளைச் சுண்ணாம்பில் நீளநீளமாகக் கோடு போட்டிருந்தது. எது யாருடைய சமையலறை என்று கோட்டை வைத்து ஊகிக்க முயன்றுகொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது.

"சாப்டீங்களாப்பா? டீச்சரம்மா முட்டி இப்ப எப்படி இருக்கு?"

நன்றாக ஆகிவிட்டது, மாடிப்படியே ஏறுகிறார்கள் என்று சொல்ல வாயைத் திறந்தார். அந்த வாசிப்பாளரின் குரல் காதில் கேட்டது. பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஊரறியப் படித்தாயிற்று, கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை.

"அவங்க காலி பண்ணிட்டாங்கம்மா."

"அய்யோ, எப்பப்பா?"

"கொஞ்ச நாள் ஆச்சு." முக்காலியிலிருந்து இறங்கி அதன் மேலேயே உட்கார்ந்தார். "அஞ்சு வருஷம் இருக்கும்."

மகள் சிரித்தாள். பிறகு நிறுத்திக்கொண்டாள். "தபால்காரர் வீட்ல?"

"அவங்களும்தான்."

"என்னப்பா சொல்றீங்க? அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம்னு நீங்கதானே சொன்னீங்க. கண்ணாடிக் கடை மாப்பிள்ளைன்னு."

"ஆகியிருக்கும்மா. வயசாச்சே. நல்ல இடமாத்தான் அமைஞ்சிருக்கும்."



"அப்ப தெருவுல யாருப்பா இருக்கா?"

"நான் இருக்கேன். இருபத்து நாலு குடித்தனம் வருது, ரெண்டு வருஷத்துல."

இணைப்பு போய்விட்டதோ என்று ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். போகவில்லை. பதினாலாவது மாடியில் ஒரு குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. பாத்திரம் கழுவுகிற சத்தம் இல்லை, கை கழுவுகிற சத்தமும் இல்லை. முழுக்கத் திறந்துவிட்டு அப்படியே விட்ட குழாய். வேறு எந்தச் சத்தமும் அப்பா காதுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகத் திறந்த குழாய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. முப்பத்து நாலு வருடம் வீடுகளைத் தண்ணீராகவே படித்தவர்.

"தண்ணி வீணாப் போகுதும்மா" என்றார்.

அவள் மூடவில்லை. அவரும் திரும்பச் சொல்லவில்லை. அது எத்தனை லிட்டர் ஓடுகிறது என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டு, ஃபோனைக் காதோடு வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.